ஊதுவண்டியில் காய்ந்த ராகி

சூளகிரிக்கு மேற்கே, நெடுஞ்சாலையை விட்டு இறங்கும் ரோட்டில், திம்மப்பனைத் தெரியாதவர்கள் கிடையாது. பெரிய காரியம் எதையும் அவன் செய்துவிடவில்லை. யார் எதைக் கேட்டாலும் சரி என்று சொன்னான், அவ்வளவுதான். தமிழில் கேட்டால் சரி, தெலுங்கில் கேட்டால் சரே, கன்னடத்தில் கேட்டால் ஆய்து. மூன்று பாஷை புழங்கும் ஊரில் பிறந்து, மூன்றிலும் மறுப்புச் சொல்லக் கற்றுக்கொள்ளாமலே ஐம்பதைத் தாண்டிவிட்டான். கெட்ட குணம் என்று அவனிடம் ஒன்றைக்கூடக் காட்ட முடியாது. ஆனால் நல்ல குணத்தை மட்டும் வைத்துக்கொண்டே ஒரு மனிதன் இத்தனை பேருக்குத் தொல்லை கொடுக்கலாம் என்பதை ஊர் அவனைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டது.

ஓசூரில் வண்டிப் பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் ஹெல்பராக இருந்தபோது, இரண்டு சூப்பர்வைசர்கள் ஒரே ஞாயிற்றுக்கிழமைக்கு அவனை ஓவர்டைம் கேட்டார்கள். இரண்டு பேரிடமும் வருகிறேன் என்றான். பிறகு இரண்டு பேருக்கும் பயந்து வீட்டிலேயே படுத்துவிட்டான். ரோஜாப் பண்ணைக்குப் போனான்; ஒரே லோடு பூவை இரண்டு வியாபாரிகளுக்குப் பேசிவிட்டான். அப்புறம் ஒரு கல்யாண மண்டபத்தில் புக்கிங் பார்க்க உட்கார வைத்தார்கள். ஒரே முகூர்த்தத்துக்கு இரண்டு வீட்டாரும் மேளத்தோடு வந்து இறங்கினார்கள். இரண்டு மாப்பிள்ளைகளும் ஒரே அறையில் பட்டுவேட்டியோடு ஒருத்தரை ஒருத்தர் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை இன்றைக்கும் சந்தையில் சொல்லிச் சிரிக்கிறார்கள். "பூம்பூம் மாட்டுக்காவது மாட்டுக்காரன் கேட்டாத்தான் தல ஆடும். இந்தாளுக்கு ஊரே கேட்டாலும் ஆடும்" என்பாள் அவன் பெண்சாதி நாராயணம்மா.

கடைசியில் அவனுக்குக் கிடைத்தது செக்யூரிட்டி வேலை. கேட்டில் நின்று, உள்ளே வரப் பார்க்கிறவர்களிடம் கிடையாது, போ என்று சொல்வதற்கென்றே சம்பளம் கொடுக்கிற வேலை. அதைப் போய் திம்மப்பனுக்குக் கொடுத்த புண்ணியவான் பெயர் பாலாஜி.

பாலாஜி ஓசூர்க்காரன், இன்ஜினியர், தாடி நரைக்க ஆரம்பித்தும் கண்ணில் பிள்ளைத்தனம் போகாத ஆள். திம்மப்பனின் அண்ணன் விற்ற நிலத்தை வாங்கி, ஒரு தகரக் கொட்டகை போட்டு, அதன் முன்னால் முன்பு தக்காளி விளைந்த இடத்தில் நீளமாக ஒரு காங்கிரீட் தளம் போட்டிருந்தான். நிலத்துக்காரன் தம்பிக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும் என்பது பேச்சு. அதன்படிதான் திம்மப்பன் நீலச் சட்டையும் தொப்பியுமாக கேட்டுக்கு வந்து சேர்ந்தான்.

பாலாஜி செய்கிற தொழில் என்ன என்று ஊருக்குப் புரிய நாளானது. வடக்கே மலைமேல் இருக்கும் விமான நிலையங்களில் குளிர்காலத்தில் ஓடுபாதை மேல் பனி கட்டிக்கொள்ளுமாம். இறங்குகிற விமானம் வழுக்கும். இரும்பால் சுரண்டினால் பாதை பெயரும். உப்பைக் கொட்டினால் விமானம் அரிக்கும். அதற்காக, பறந்து பறந்து ஓய்ந்துபோன பழைய ஜெட் இன்ஜினை ஏலத்தில் எடுத்து, ஒரு லாரியின் முன்னால் தரையைப் பார்த்தபடி கட்டி, அது கக்கும் சூட்டுக் காற்றால் பனியை உருக்கி ஊதித் தள்ளுவது. ஊரில் அதற்கு ஊதுவண்டி என்று பெயர் வைத்தார்கள். ஆகாயத்தில் போன இன்ஜின் இப்படித் தரையைக் கூட்ட வந்ததைப் பற்றி யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. பட்டாளத்திலிருந்து வந்தவர்கள்கூட கம்பெனி கேட்டில் நிற்கிற காலம்தானே என்றார்கள்.

வண்டி தயார். பனிக்குத்தான் பஞ்சம். சூளகிரியில் பனி என்றால் மார்கழிக் காலையில் புல்மேல் இருக்கும், அதுவும் டீ குடித்து முடிப்பதற்குள் காணாமல் போகும். வண்டியை வாங்கப்போகும் மலைமேல் ஆட்களோ, பனியைத் தள்ளும் வீடியோ அனுப்பு, பிடித்தால் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். பாலாஜி ஓசூரிலிருந்து ஐஸ் பார்களை வாங்கிவந்து, சம்மட்டியால் உடைத்து, தளத்தில் பரப்பினான். டிரைவர் சிவராஜ் வண்டியில் ஏறி, இன்ஜின் உறுமி, சூடு பிடிப்பதற்குள் எல்லாம் தண்ணீர். அனுப்பிய வீடியோவில் ஒரு லாரி ஈர ரோட்டை மும்முரமாகத் துடைத்துக்கொண்டிருந்தது. எங்களுக்கு மழைத் தண்ணீரால் கஷ்டம் ஏதும் இல்லை என்று மலைமேலிருந்து பதில் வந்தது.

இனி நாராயணம்மாவின் நிலத்துக்கு வருவோம், ஏனென்றால் இது அந்த நிலத்தின் கதை. பாலாஜியின் கொட்டகைக்கு அடுத்தாற்போல் ஒரு ஏக்கர், அவள் அப்பன் அவள் பெயருக்கே எழுதிக்கொடுத்தது. சுற்றிலும் எல்லோரும் விற்றாகிவிட்டது. நாலு பக்கமும் கம்பி வேலியும் தகரக் கூரையும் வந்த பிறகும் நடுவில் அது ஒன்று பச்சையாகக் கிடந்தது. அதை வாங்கினால்தான் பின்னால் இருக்கும் இடங்களுக்கு ரோடு போட முடியும் என்று தரகன் ராஜ்குமார் இரண்டு வருஷமாக அலைந்துகொண்டிருந்தான். திம்மப்பனிடம் எத்தனையோ தடவை பேசிவிட்டான். திம்மப்பன் ஒவ்வொரு தடவையும் சரி என்றான். "நீ சரின்னா நீயே போயி கையெழுத்துப் போடு. நெலம் எம்பேர்ல இருக்குது" என்று அவள் ஒவ்வொரு தடவையும் முடித்துவிட்டாள்.

ஆனால் அவளுக்கும் காலம் சரியில்லை. இரண்டு வருஷம் முன்னால் மழை பொய்த்தது. போன வருஷம் ஜவளகிரிக் காட்டுப் பக்கமிருந்து வந்த யானைகள் முற்றிய கதிரை ராவோடு ராவாகத் தின்றுவிட்டுப் போயின. இந்த வருஷம் விதைக்கும்போது ராஜ்குமார் வாசலில் வந்து நின்று, "எதுக்கும்மா இந்தப் பாடு? வெதைக்கிறது நீ, திங்கிறது யானை" என்றான். நாராயணம்மாவுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது.

"இந்த வருசத்து வெள்ளாம எங்க ஊட்டுக்கு வந்து சேரலன்னா, நானே பேனாவ வாங்கி கையெழுத்துப் போடறேன். வந்து சேந்துச்சுன்னா அப்புறம் நீ இந்தப் பக்கம் தல வெச்சுப் படுக்கக்கூடாது."

"வாக்கு மாறமாட்டியேம்மா?"

"நான் எப்படா மாறினேன்?"

அது நிஜம். நாராயணம்மா சொன்ன சொல் மாறினாள் என்று அவளோடு சண்டை போட்டவள்கூடச் சொல்ல மாட்டாள். ராஜ்குமார் திம்மப்பன் பக்கம் திரும்பி, "நீ என்னண்ணா சொல்றே?" என்றான். திம்மப்பன் சரி என்றான். யாருக்குச் சரி என்று இரண்டு பேரும் கேட்கவில்லை.

அந்த வருஷம் ராகி கைகொடுத்தது. கதிர் ஒவ்வொன்றும் மூடின விரல் மாதிரி கனத்துத் தொங்கியது. யானைகள் வேறு ஊருக்குப் போய்விட்டன. நாராயணம்மா தானே நின்று அறுத்து, போர் போட்டு, அடிக்கிற நாளை எதிர்பார்த்திருந்தாள். எங்கே அடிப்பது என்பதுதான் சிக்கல். முன்னெல்லாம் கதிரை ரோட்டில் பரப்பிவிட்டால் போகிற வருகிற வண்டிகளே மிதித்துக் கொடுக்கும். இப்போது கம்பெனி பஸ்கள் போகும் வேகத்துக்கு ரோட்டில் குனிந்தால் நிமிர முடியாது. பாலாஜியின் காங்கிரீட் தளமோ கண்ணாடி மாதிரி சும்மா கிடந்தது. கேட்டில் நின்றவனைக் கேட்டாள். கேட்டில் நின்றவன் என்ன சொல்வான் என்று உங்களுக்கே தெரியும்.

காலையில் வேலைக்கு வந்த பாலாஜி, ஓடுபாதைக்கென்று போட்ட தன் தளத்தின் மேல் ஒரு டிராக்டர் ராகித் தாளைச் சுற்றிச் சுற்றி மிதித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தான். "நாளைக்குள்ள எடுத்துடுங்கக்கா" என்று மட்டும் சொன்னான். மனுஷன் தங்கமானவன். சாயங்காலத்துக்குள் தூற்றி முடித்து, தானியத்தைக் குவித்து, நீலத் தார்ப்பாயால் மூடி, சுற்றிலும் கல் வைத்தார்கள். மறுநாள் சாக்கில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியதுதான் பாக்கி. "நீ இருக்கிற இடம்தானே, பாத்துக்க" என்று புருஷனிடம் சொல்லிவிட்டு நாராயணம்மா போனாள். திம்மப்பன் சரி என்றான்.

பொழுது சாய்கிற நேரத்தில் மேற்கே கருத்தது. கொட்டகைக்குள் இடமில்லாமல் ஊதுவண்டி வெளியே நின்றிருந்தது. அதன் இன்ஜினுக்குப் போட்டிருந்த உறை கிழிந்துபோயிருந்தது. பாலாஜி ஓசூருக்குக் கிளம்பும் அவசரத்தில், "திம்மப்பண்ணா, இன்ஜின் நனைஞ்சிடக் கூடாது, மூடறதுக்கு ஏதாச்சும் இருக்குதா?" என்று கேட்டான். "இருக்குதுங்க சார்" என்று வாய் சொன்னது. வாய் சொன்ன பிறகு கை சும்மா இருக்க முடியுமா? தார்ப்பாய் இருந்த இடத்துக்குக் கை போனது. பாலாஜி மழை வரும் என்றான், அதை நம்பி இன்ஜினை மூடினான். மத்தியானம் நாராயணம்மா மழை வராது என்றிருந்தாள், அதை நம்பி ராகியைத் திறந்து விட்டான். ஒரே வானத்தைப் பற்றி இரண்டு பேர் சொன்னதையும் அப்படியே ஏற்றுக்கொள்ள அவனால்தான் முடியும்.

ராத்திரி முழுக்க மழை.

விடிந்ததும் நாராயணம்மா சாக்குகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடிவந்தாள். குவியல் நனைந்து ஊறிக் கருத்துக் கிடந்தது. பக்கத்தில் ஊதுவண்டி நீலத் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு சொட்டு ஈரம் படாமல் நின்றது.

"தார்ப்பாய் எங்க?"

"சார் கேட்டாங்கமே" என்றான் திம்மப்பன்.

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் திட்டவில்லை. குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தாள். ஊறின தானியம் உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. இரண்டு நாள் போனால் முளை விட்டுவிடும், அப்புறம் ராகி இல்லை. வானத்தில் வெயிலுக்கான அடையாளமே காணோம். அவள் கையை வெளியே எடுத்து, விரலில் ஒட்டின மணியை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டாள்.

"நெசத்தைச் சொல்லு. ராஜ்குமாரு சொல்லிக் குடுத்தானா? வேணும்னு செஞ்சியா?"

திம்மப்பன் தொப்பியைக் கழற்றினான். உலகத்தில் யாரும் கேட்டு அவன் இப்படித் தவித்ததில்லை. சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. அது அவன் நாக்கில் புழங்காத வார்த்தை. அவசரத்துக்குத் தேடினால் கிடைக்குமா? தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றான். அவள் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு திரும்பிக்கொண்டாள். அந்த முகத்தைப் பார்க்க அவனால் முடியவில்லை.

பாலாஜி வந்தான். தார்ப்பாயைப் பார்த்தான், குவியலைப் பார்த்தான், நடந்தது விளங்கிவிட்டது. "அய்யோ, நான் பழசு ஏதாச்சும் கெடக்குதான்னுதான் கேட்டேன்க்கா" என்றான். நாராயணம்மா ஊதுவண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது ஐஸையே காயவைக்கும்னு சொன்னியே தம்பி. ராகியக் காயவைக்காதா?"

பாலாஜி யோசித்தான். கேட்டது நியாயமாகப் பட்டது. குற்ற உணர்ச்சியில் இருக்கிறவனுக்கு எல்லாமே நியாயமாகத்தான் படும். வெறுமனே ஊதினால் தானியம் கர்நாடகாவுக்குப் போய்விடும் என்பதால், தளத்தில் கூரைத் தகரங்களை விரித்து, மேலே ராகியைப் பரப்பி, அதன்மேல் இன்னொரு வரிசைத் தகரம் போட்டு, கல் அடுக்கினார்கள். தூரத்தில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை மெதுவாக ஓடவிட்டால், தகரம் சூடேறி உள்ளே ஈரம் போய்விடும். கணக்கு என்னவோ சரிதான்.

ஜெட் ஓடும்போது காதில் எதுவும் விழாது. அதனால் சைகை ஏற்பாடு நடந்தது. பாலாஜி வண்டிக்குப் பின்னால் மீட்டரைப் பார்ப்பான். நாராயணம்மா தகரத்துப் பக்கம் நின்று, ஓரத்து ராகியைத் தொட்டுப் பார்த்துக் கையாட்டுவாள். இரண்டு பேரையும் பார்க்கிற மாதிரி திம்மப்பன் நடுவில் நிற்பான். சிவராஜ் அவனை மட்டும் பார்த்து இன்ஜினை ஓட்டுவான். "திம்மப்பண்ணன் தலையாட்டினா ஒரு படி ஏத்து. கையத் தூக்கினா நிறுத்திடு" என்றான் பாலாஜி. இந்த ஊரில் எத்தனையோ தலைகள் இருக்கின்றன. இந்த வேலைக்கு அவர்கள் தேர்ந்தெடுத்த தலை இது.

இன்ஜின் உறுமியது. கொஞ்ச நேரத்தில் தகரங்களின் இடுக்கில் ஆவி கிளம்பியது. நாராயணம்மா ஓரத்து ராகியைத் தொட்டுப் பார்த்தாள். ஈரம் குறைந்திருந்தது. காலையிலிருந்து முதல் தடவையாக அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது, நல்லா இருக்குது என்று கையைக் காட்டினாள். திம்மப்பனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, தலையாட்டினான். சிவராஜ் ஒரு படி ஏற்றினான். சூடு அதிகமாவதைப் பார்த்து நாராயணம்மா போதும் என்று கையை வீசினாள். புரிந்தது என்பதற்காகத் திம்மப்பன் அவளைப் பார்த்துத் தலையாட்டினான். சிவராஜ் இன்னொரு படி ஏற்றினான். வண்டிக்குப் பின்னாலிருந்து பாலாஜி ஓடிவந்து, குறை, குறை என்று இரண்டு கையாலும் தரையை அமுக்கிக் காட்டினான். முதலாளி சொல்வதை இன்னும் மரியாதையாகக் கேட்டுக்கொள்ள வேண்டாமா, திம்மப்பன் வேகமாக ஆட்டினான். "அவ்வளவு ஆசையா ஆட்டினாரு, நான் இன்னா பண்ணுவேன்" என்று சிவராஜ் பிறகு எல்லோரிடமும் சொன்னான்.

முதலில் வந்தது வாசனை. அந்தப் பக்கத்து வீடுகளில் ராகியை நீர் தெளித்து, ராத்திரி முழுக்க மூடி வைத்து, காலையில் காய்ந்த சட்டியில் போட்டு வறுப்பார்கள். மணி வெடித்து வெள்ளையாகப் பொரியும். அதை அரைத்தால் ஹுரிஹிட்டு, வெல்லமும் தேங்காயும் சேர்த்துச் சாப்பிடுகிற மாவு. ராத்திரி மழை தெளித்தது, காலையில் ஜெட் வறுத்தது. பக்குவத்தில் ஒரு குறை சொல்ல முடியாது.

மேல் தகரங்கள் பொங்குகிற சோற்றுப்பானை மூடி மாதிரி ஆடின. அப்புறம் கல்லோடு எழும்பின. வெள்ளை வெளேரென்று பொரி கிளம்பி, காற்றில் ஏறி, கொட்டகை மேலும் கேட்டு மேலும் திம்மப்பன் தொப்பி மேலும் கொட்டியது. சூளகிரியில் பனி பெய்ததை யாராவது பார்த்திருந்தால் அது இப்படித்தான் இருந்திருக்கும். பாலாஜி தலைதெறிக்க வண்டிப் பக்கம் ஓடினவன், பாதியில் நின்று, பழக்க தோஷத்தில் போனை எடுத்து வீடியோ பிடித்தான். திம்மப்பன் அய்யோ என்று தலையில் கை வைத்தான். கை உயர்ந்ததும் சிவராஜ் இன்ஜினை நிறுத்தினான்.

அதற்குப் பிறகு வந்த அமைதியில் பொரி விழும் சத்தம்கூடக் கேட்டது. எதுவும் தூரம் போகவில்லை. பின்னால் இருந்த கம்பி வேலி பெரும்பகுதியைத் தடுத்து நிறுத்தி, அடியில் முழங்கால் உயரத்துக்குக் குவித்து வைத்திருந்தது. நாராயணம்மா முறத்தையும் துடைப்பத்தையும் எடுத்தாள். சத்தம் கேட்டு வந்த பெண்களும் சேர்ந்து கூட்டினார்கள். பக்கத்து வீட்டு வெங்கடம்மா, "ஊரெல்லாம் ஒரு படி வறுக்கும், நீ ஒரு காட்டையே வறுத்துட்டியே" என்று ஒரு பிடியை வாயில் போட்டாள். போட்டவள் துப்பினாள்.

"ஏமே, சீமெண்ணெய் வாடை."

ஜெட்டுக்கு ஊற்றுவதும் ஏறக்குறைய மண்ணெண்ணெய்தான். தகரம் தூக்கின பிறகு அந்தப் புகை பூராவும் பொரியில் ஏறிவிட்டது. மூட்டைகள் வீடு வந்தன. நாராயணம்மா கொஞ்சம் அள்ளித் தொட்டியில் வைத்தாள். மாடு முகர்ந்து பார்த்துவிட்டு, அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, திரும்பிப் படுத்துக்கொண்டது. வெயிலில் உலர்த்தினாள், முறத்தில் புடைத்தாள், அரைத்தும் பார்த்தாள். கொஞ்சம் குறைந்தது, போகவில்லை.

பாலாஜி அந்த வீடியோவை மலைமேல் அனுப்பிவிட்டிருந்தான். உங்கள் ஊரிலேயே இவ்வளவு பனி பெய்யும்போது இத்தனை நாள் ஏன் தண்ணீரைக் காட்டினீர்கள் என்று கேட்டிருந்தார்கள். அவனால் பொய் சொல்ல முடியவில்லை, அது ராகி என்று எழுதினான். ராகியையே இப்படித் தள்ளுகிறதா என்று ஆச்சரியப்பட்டார்களாம். பிறகு வண்டியை எடுத்துவரச் சொல்லி, இங்கே நிஜப் பனியில் ஓட்டிப் பார்ப்போம் என்றார்கள். பாலாஜிக்கு விடிந்துவிட்டது. திம்மப்பன் வீட்டில்தான் விடியவில்லை. நாராயணம்மா சோறு போட்டாள், பேசவில்லை.

நாலைந்து நாள் கழித்து ராஜ்குமார் வந்தான், கையில் காகிதக் கட்டோடு. சேதி அவனுக்கு எட்டியிருந்தது. வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். மூட்டைகளைப் பார்த்து மூக்கைச் சுருக்கினான்.

"வெள்ளாமைன்னா திங்கிறதுக்கும்மா. மாடுகூடத் தொடலைன்னு சொல்றாங்க. இது ஊட்டுக்கு வந்த கணக்கா?"

நாராயணம்மா மூட்டையைப் பார்த்தாள். மாவை ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள். அவளுக்குப் பொய் கணக்குச் சொல்லத் தெரியாது, தனக்கு வேண்டியதுக்காகக்கூட. "இல்லதான்" என்றாள். "ஒத்துக்கிறேன். பேனா குடு."

திம்மப்பன் கதவருகே நின்றிருந்தான். ராஜ்குமார் எப்படியும் அவனைப் பார்த்து, என்னண்ணா என்று கேட்பான், அவனும் சரி என்பான். அதோடு முடிந்துவிடும். அவள் புடவை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள். மூடியைக் கழற்றி, கையெழுத்துப் போடும் இடத்தைத் தேடினாள். முப்பது வருஷமாக அந்த நிலத்தில் விதைத்து அறுத்த கை. தன் தலை ஆடி ஆடி இவளை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. அவமானமாக இருந்தது, அழுகையாகவும் வந்தது.

விறுவிறுவென்று உள்ளே போனான். வட்டில் நிறைய ஹுரிஹிட்டை அள்ளி, வெல்லத்தைத் தட்டிப் போட்டு, தண்ணீர் விட்டுப் பிசைந்துகொண்டு வந்தான். அவளுக்கும் ராஜ்குமாருக்கும் நடுவில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். முதல் உருண்டையை வாயில் போட்டதும் கண்ணில் நீர் கோத்தது. மென்றான். விழுங்கினான். இரண்டாவது உருண்டை. மூக்கு வழியாக மூச்சு விடாமல் தின்னும் வித்தையை மூன்றாவது உருண்டையில் கண்டுபிடித்தான்.

"என்னண்ணா பண்றே?" என்றான் ராஜ்குமார்.

"வெள்ளாமையத் திங்கிறேன்."

"சீமெண்ணெய் வாடை இங்க வரைக்கும் அடிக்குதுண்ணா."

"எங்க ராகி அப்படித்தான் இருக்கும்." நாலாவது உருண்டையை உருட்டினான். "திங்கிறதுக்குத்தான் வெள்ளாமைன்னியே. தின்னாச்சு. ஊட்டுக்கும் வந்துருச்சு, வயித்துக்கும் போயிருச்சு. நீ கெளம்புப்பா. வேணும்னா ஒரு உருண்டை தின்னு பாத்துட்டுப் போறியா?"

ராஜ்குமார் அவனையும் வட்டிலையும் மாறி மாறிப் பார்த்தான். இரண்டு வருஷமாகச் சரி என்று கேட்டுப் பழகிய வாயிலிருந்து வந்த பேச்சை அவனால் நம்ப முடியவில்லை. நாராயணம்மாவைப் பார்த்தான். அவள் பேனாவை மூடி அவன் கட்டின்மேல் வைத்தாள்.

"தின்னுட்டாரே. இனி நான் இன்னா சொல்ல முடியும்" என்றாள்.

ராஜ்குமாரின் பைக் சத்தம் ரோட்டில் போய் மறையும்வரை திம்மப்பன் மென்றுகொண்டே இருந்தான். வட்டிலில் இன்னும் பாதி இருந்தது. நாராயணம்மா அவன் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"கொஞ்ச நேரத்துக்கு அடுப்புப் பக்கம் போயிராத" என்றாள். பிறகு, "நெசமா நல்லா இருந்துச்சா?" என்று கேட்டாள்.

திம்மப்பன் அவளைப் பார்த்தான். வாயைத் துடைத்தான்.

"இல்ல" என்றான்.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். வாயைப் பொத்திக்கொண்டும் அடங்கவில்லை, முந்தானையால் கண்ணைத் துடைக்கிற அளவுக்கு வந்துவிட்டது. அவன் சிரிக்கவில்லை. வந்த வார்த்தை திரும்பிப் போய்விடுமோ என்ற அவசரத்தில் இருந்தான்.

"அன்னைக்குக் கேட்டியே, தார்ப்பாய வேணும்னு எடுத்தியான்னு. அதுக்கும் இல்ல."

நாராயணம்மா சிரிப்பை நிறுத்தினாள். அவன் முன்னால் இருந்த வட்டிலைத் தன் பக்கம் இழுத்துத் தள்ளி வைத்தாள். உள்ளே போய் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள்.